நாளைக்குத்தான் பல் பிடுங்கணும், இன்றைக்கே ஏன் நெஞ்சு அடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயதானவர்களையும் வண்டி வசதி இல்லாதவர்களையும் பல் கிளினிக்குக் கூட்டிப் போய் வரும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து செய்கிறோம். வண்டியில் ஏறியதும் வரும் கேள்விகளில் பல்லைப் பற்றியவை குறைவு. கை ஏன் ஜில்லென்று ஆகிறது, தூக்கம் ஏன் போனது, ஊசி போட்டதும் நெஞ்சு ஏன் துடிக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதையும் டாக்டர்களிடம் கேட்டு உறுதி செய்ததையும் சொல்கிறேன். உங்கள் மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்லித்தான்.

இன்னும் யாரும் என் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் உடம்பு ஏன் இப்படிப் பண்ணுகிறது?

ஆபத்து வந்துவிட்டது என்பதும் வரப்போகிறது என்பதும் மூளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாளைக் காலை ஊசி என்று நினைத்த மாத்திரத்தில் இரண்டு வேலைகள் ஆரம்பமாகின்றன. முதலாவது நரம்பு வழியாக. சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குத் தகவல் போகிறது, சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், எச்சில் வற்றி நாக்கு ஒட்டிக்கொள்ளும், விரல் நுனி குளிர்ந்துவிடும், அடிக்கடி கழிப்பறைக்குப் போகத் தோன்றும். இதெல்லாம் அட்ரினலினும் அதை விடுவிக்கும் நரம்புகளும் செய்வது.

இரண்டாவது கொஞ்சம் மெதுவானது. மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒரு ஹார்மோனை விட, அது பிட்யூட்டரி சுரப்பியை எழுப்ப, பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்ப, அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பயம் தொட்ட நேரத்திலிருந்து கார்டிசோல் உச்சத்துக்கு வர 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். இறங்குவதும் மெதுவாகத்தான்.

இப்போது கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். நம்பர் எடுத்துவிட்டு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உள்ளே டிரில் ஓடும் சத்தம் கேட்கிறது, உங்கள் பெயரைக் கூப்பிடும்போது கார்டிசோல் சரியாக மேலே ஏறி நிற்கும் நேரம். டாக்டர் இன்னும் உங்களைத் தொடவில்லை. பலருக்கு அன்றைய நாளின் மோசமான பகுதி அந்த பெஞ்ச்தான் என்பது என் அனுபவம், நாற்காலி அதற்கு அடுத்ததுதான்.

வீட்டில் எல்லாரும் "ஒரு பல்லுக்கா இப்படிப் பயப்படுற?" என்கிறார்கள். நான்தான் கோழையா?

இல்லை. இந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். முப்பது வருஷம் இருட்டில் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போனவர், பாம்பைப் பார்த்தும் பதறாதவர், பல் நாற்காலியில் உட்காரும்போது முழங்கால் ஆடுகிறது. அவருடைய தைரியத்தில் என்ன குறை? அட்ரினல் சுரப்பி அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சுரப்பதில்லை. கேலி செய்தால் அவர் அடுத்த முறை பயத்தைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான் நடக்கும், டாக்டரிடமும் சொல்லமாட்டார்.

பல் மருத்துவ உலகம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நார்மன் கோரா என்பவர் 1969-ல் பல் சிகிச்சை பயத்தை அளக்க நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். 1995-ல் ஊசியைப் பற்றிய கேள்வியையும் சேர்த்து ஐந்தாக்கினார்கள். நாளைக்குச் சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும், டிரில், பல் சுத்தம் செய்வது, ஊசி என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தில் முதல் இரண்டு கேள்விகளும் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய நேரத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

என் தங்கைக்கு ஒன்றுமே ஆவதில்லை. எனக்கு மட்டும் ஏன்?

பெரும்பாலும் பழைய அனுபவம். சின்ன வயதில் சரியாக மரத்துப்போகாமல் பல்லைப் பிடுங்கியிருந்தால் அது மறப்பதில்லை. சிலர் அம்மாவின் பயத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். வாசனை கூட வேலை செய்யும். தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்தில் யூஜினால் இருக்கும், அது கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள். வீட்டுப் பிரியாணியில் அந்த வாசனை வந்தால் பசிக்கும், கிளினிக் கதவைத் திறந்ததும் அதே வாசனை வந்தால் பயந்தவருக்கு நெஞ்சு அடிக்கும்.

கார்டிசோலை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

எச்சிலிலேயே அளக்கலாம், ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். உங்களுக்குத் தேவையில்லை. கார்டிசோல் காலையில் எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இயல்பாகவே ஏறும், நடு இரவுக்குப் பக்கத்தில் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் பயந்தீர்களா என்று யாரும் சொல்லிவிட முடியாது. காசு மிச்சம்.

அப்படியானால் காலையில் கார்டிசோல் அதிகம் என்கிறீர்கள். சாயங்காலம் போவது நல்லதா?

கேட்பதற்கு நியாயமாகத் தெரிகிறது, ஆனால் பயப்படுகிறவர்களுக்குக் காலை முதல் ஆளாகப் போவதுதான் நல்லது. காலையில் இயல்பாக ஏறும் கார்டிசோல் உங்களைப் பயமுறுத்த வருவதில்லை, உடம்பை எழுப்பத்தான் வருகிறது. சாயங்காலம் என்றால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு, சாப்பாடு இறங்காமல், அட்ரினலினை மறுபடியும் மறுபடியும் ஏற்றிக்கொண்டு இருப்பீர்கள்.

பால் வெட்டுபவர்களுக்கு இது சிக்கல் என்று தெரியும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், காலையில் கிளினிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அவர்கள் மதியம் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து போகட்டும். செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் மட்டும் ஷிப்ட் முடிந்த கையோடு நேராக நாற்காலிக்குப் போகாதீர்கள். தூக்கமில்லாத உடம்பு வலியை அதிகமாக உணரும்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? கோப்பி குடிக்கலாமா?

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போங்கள், ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், அளவாக. வெறும் வயிற்றோடு போனால் மயங்கிவிழ வாய்ப்பு கூடும். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதென்றால் கதை வேறு, அங்கே சொன்னபடி பட்டினி இருக்க வேண்டும்.

கெட்டியான கோப்பி ஓ வேண்டாம். காஃபின் அட்ரினலினையும் கார்டிசோலையும் தானே ஏற்றிவிடும், ஏற்கனவே ஏறியிருக்கிற உடம்பில் இது எதற்கு?

தைரியத்துக்கு ஒரு கிளாஸ் போட்டுவிட்டுப் போகிறார் என் மாமா. தப்பா?

தப்பு. சாராயமோ பீரோ கள்ளோ எதுவானாலும் தப்பு. ரத்தக் கசிவு கூடலாம், இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம், டாக்டர் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்து ஆபத்தாகலாம். குடித்துவிட்டு வந்தவரை டாக்டர் திருப்பி அனுப்பினால் அது டாக்டரின் கடமை. மாமாவைத் திட்டாதீர்கள், அவர் பயத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்தைப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையும் இதே கணக்குதான். பயம் தாங்கமுடியாத அளவு என்றால் டாக்டரிடம் கேளுங்கள், அவரே பார்த்து அளவாக மாத்திரை எழுதிக் கொடுக்க முடியும், சில இடங்களில் மூச்சில் இழுக்கும் வாயுவும் உண்டு.

எனக்கு இனிப்பு நீர். பயத்தால் சர்க்கரை ஏறுமா?

ஏறும். அட்ரினலினும் கார்டிசோலும் கல்லீரலில் இருந்து சர்க்கரையை ரத்தத்துக்குத் தள்ளும், இன்சுலின் வேலை செய்வதையும் தடுக்கும். ஓடவோ சண்டை போடவோ தசைக்குத் தீனி வேண்டும் என்று உடம்பு கணக்குப் போடுகிறது, நீங்கள் ஓடாமல் உட்கார்ந்திருப்பதால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது, நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். ஆகவே இது நம் வீட்டுக் கேள்வி.

ஆனால் ஏறுவதை விட இறங்குவதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பயத்தில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, அல்லது இன்சுலின் போட்டுவிட்டு வருகிறார்கள். சர்க்கரை இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். எல்லாமே பயத்தின் அறிகுறி மாதிரியே இருக்கும், காரணம் இறங்கிய சர்க்கரையை ஏற்ற உடம்பு விடுவதும் அதே அட்ரினலின்தான். பக்கத்தில் இருப்பவர்கள் "பயப்படாதே" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், உள்ளே சர்க்கரை விழுந்துகொண்டிருக்கும். கூட வருகிறவர் பையில் சர்க்கரை மிட்டாயோ இனிப்புப் பானமோ வைத்திருங்கள், சந்தேகமாக இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். மாத்திரையும் சாப்பாடும் வழக்கமான நேரத்துக்கு நடக்கட்டும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள்?

அன்றைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கிளினிக்கில் அளந்தால் வீட்டை விட அதிகமாகக் காட்டுவது சகஜம், கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி அளப்பார்கள். 180/110-ஐத் தாண்டி நின்றால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைப்பது வழக்கம். அப்படித் திருப்பி அனுப்பினால் கோபப்படாமல் கொதிப்பைப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை. மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்ன் கூடவே கொஞ்சம் அட்ரினலின் கலந்திருப்பார்கள், அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்க. ஆம், உங்கள் உடம்பு பயத்தில் சுரக்கும் அதே அட்ரினலின்தான். 1:80,000 என்ற விகிதத்தில் 2.2 மில்லி குப்பி ஒன்றில் இருப்பது சுமார் 27 மைக்ரோகிராம். கடுமையான ஒவ்வாமையில் உயிரைக் காப்பாற்றப் பெரியவர்களுக்குத் தொடையில் போடுவது 500 மைக்ரோகிராம், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் கொஞ்சம் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் நெஞ்சு அடிக்கும், சில நிமிடங்களில் அடங்கும், ஏனென்றால் அட்ரினலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. இருந்தாலும் அப்படி ஆனதை அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பில் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு விஷயம், அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

இதய நோயாளிகளுக்கு இந்த அட்ரினலின் அளவைக் குறைத்துக்கொள்வார்கள், 40 மைக்ரோகிராமுக்குள் நிறுத்துவது வழக்கம். "அப்படியானால் அட்ரினலினே இல்லாத ஊசி போடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். சரியாக மரத்துப்போகாமல் வலித்தால் உங்கள் சுரப்பியே அட்ரினலினைக் கொட்டிவிடும், அது ஊசியில் இருப்பதை விட அதிகமாகப் போகலாம். எது சரி என்று இதய நோயின் நிலையை வைத்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

இரண்டு ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. பயத்தால்தானா?

பயம் வலியைக் கூட்டும், ஆனால் முழுப் பழியையும் பயத்தின் மேல் போடாதீர்கள். சீழ் பிடித்து வீங்கியிருக்கும் இடத்தில் அமிலத்தன்மை அதிகம், அங்கே மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. டாக்டருக்கு வேறு வழிகள் தெரியும். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லுங்கள், நம்மவர்கள் டாக்டருக்கு மரியாதை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த மரியாதை அவருக்கும் உதவாது.

என் மகன் நல்ல பலசாலி, பத்தொன்பது வயசு. ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துவிட்டான். இதயக் கோளாறா?

பல் நாற்காலியில் அதிகம் நடக்கும் அவசரம் இந்த மயக்கம்தான், இளம் ஆண்களுக்கு அடிக்கடி வரும். வேகமாக ஓடிக்கொண்டிருந்த உடம்பு திடீரென எதிர்ப்பக்கம் திரும்புகிறது. வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்க, கால்களில் ரத்தக் குழாய்கள் விரிய, மூளைக்கு ரத்தம் குறைகிறது. முகம் வெளுக்கும், குமட்டும், காது அடைக்கும், அப்புறம் விழுவார்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார்கள். கர்ப்பிணியாக இருந்தால் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். மயக்கம் நீண்டாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, வேலை செய்யும்போதும் மயங்கி விழுந்திருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்படி மயங்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. தொடை, கை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்ளும். ஊசி போடும் அந்தக் கையை மட்டும், அது கையில் போடும் ஊசி என்றால், தளர்த்தியே வைத்திருக்கட்டும்.

நான் முட்டிவலிக்குப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மருந்து சாப்பிடுகிறேன். இதையும் சொல்ல வேண்டுமா?

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றி நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் வலி மாயமாக மறைந்து, பசி எடுத்து, முகம் உருண்டையாக ஆனால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு என்பது கார்டிசோலின் வேலையைச் செய்யும் பொருள். வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அப்புறம் பல் பிடுங்கும் நாளில், காய்ச்சல் வரும் நாளில், உடம்பு கார்டிசோல் கேட்கும்போது சுரப்பியால் கொடுக்க முடியாது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயந்துபோய் அந்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும் அதே ஆபத்து. பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள், அதில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று அவரும் பார்ப்பார். ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ டாக்டரே எழுதிக்கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும், சிகிச்சை நாளில் வழக்கமான அளவைத் தவறவிடவே கூடாது.

ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தால் என்ன? வலி வரும்போது பார்த்துக்கொள்ளலாமே?

தேதியைத் தள்ளிப்போட்ட அந்த நிமிடம் அட்ரினலின் இறங்கி நிம்மதியாக இருக்கும், மூளை அந்த நிம்மதியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த தேதி வரும்போது பயம் இன்னும் பெரிதாக வரும். அதற்குள் அடைத்தால் சரியாகியிருக்கும் சொத்தை, வேர் வரை போய்ச் சீழ் பிடித்திருக்கும். சீழ் பிடித்த பல்லில் ஊசி சரியாகப் பிடிக்காது என்று மேலே சொன்னேன், ஆக வலிக்கும் என்ற பயம் நிஜமாகிவிடும்.

நீண்ட நாள் கவலை ஆறுவதையும் தாமதப்படுத்தும். அமெரிக்காவில் 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் மிகச் சிறிய காயம் செய்து பார்த்தார்கள், கோடை விடுமுறையில் ஒரு முறை, பரீட்சைக்குச் சற்று முன் ஒரு முறை. பரீட்சை நேரத்துக் காயம் ஆற சராசரியாக 3 நாள் கூடுதலாக ஆனது, அதாவது 40 விழுக்காடு அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனால் வாய்க்குள்ளேயே செய்தது என்பதால் எனக்கு மனதில் நிற்கிறது.

பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

பொய் சொல்லாதீர்கள். "ஒன்றும் பண்ணமாட்டார்கள், ஐஸ்கிரீம் வாங்கத்தான் போகிறோம்" என்று கூட்டிப்போனால் அடுத்த முறை உங்களையே நம்பாது. "சேட்டை பண்ணினால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள். "கொஞ்சம் கிள்ளுகிற மாதிரி இருக்கும், அப்புறம் மரத்துவிடும்" போதும். உங்கள் கை நடுங்கினால் பிள்ளைக்கும் நடுங்கும், அப்பாவுக்குப் பயம் அதிகமென்றால் அத்தையோ சித்தியோ கூட்டிப் போகட்டும்.

பள்ளிக்கு வரும் பல் தாதியரை நழுவவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவென்றே 1949-ல் பினாங்கில் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது, அவர்கள் கருவியைச் சொல்லி, காட்டி, அப்புறம்தான் வாயில் வைக்கப் பழகியவர்கள். வலியே இல்லாத நாளில் முதல் முறை நாற்காலியில் ஏறிய பிள்ளைக்கு அந்த அறை பழகிவிடும்.

சரி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன செய்ய?

மூச்சு. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு வரும். விடும் மூச்சு நீளமாக இருக்கும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. ஐந்து நிமிடமாவது செய்யுங்கள். இதை முந்தின இரவே படுக்கையில் பழகிக்கொண்டால் அங்கே எளிதாக வரும். காதில் பாட்டு போட்டுக்கொள்ளுங்கள், டிரில் சத்தம் பாதியாவது மறையும்.

உள்ளே போனதும் வாயைத் திறப்பதற்கு முன்னால் "டாக்டர், எனக்கு ரொம்பப் பயம்" என்று சொல்லிவிடுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாதென்றால் மலாயில் "சாயா தாக்குட்" போதும். கையை உயர்த்தினால் நிறுத்துவார் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பயம் குறையும், பலர் கையை ஒரு தடவை கூட உயர்த்துவதில்லை.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்ட மாதிரி அசதி. இது ஏன்?

முந்தின நாளிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த தசைகள் இப்போதுதான் தளர்கின்றன, அட்ரினலின் போய்விட்டது, கார்டிசோல் இறங்கிக்கொண்டிருக்கிறது, இரவு தூக்கமும் பாக்கி. மரப்பு விட்ட பிறகு மிதமான சூட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள். பல் பிடுங்கியிருந்தால் அன்றைக்கு வாயை வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். மூன்றாம் நாளுக்கு மேலும் வலி கூடிக்கொண்டே போனால் மறுபடி கிளினிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள்.